எட்டுப் பேர் வண்டியில் ஒருவன்

இதைப் படிக்கிற உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். நடுவர்கள் எனக்குப் பழக்கமானவர்கள். பதினான்கு வயதிலிருந்து அவர்கள் முன் நின்று பேசி, மணி அடிப்பதற்குள் முடித்து, கோப்பையோடு மேடையிலிருந்து இறங்கியிருக்கிறேன். நடுவருக்குத் தீர்ப்புச் சொல்லும் வேலை உண்டு. சாட்சிக்கு அந்தச் சுமை கிடையாது. கேட்டதை நினைவில் வைத்திருந்தால் போதும். சில மாதங்களுக்கு முன் நான் வாய்விட்டு ஒரு வாக்குக் கொடுத்தேன். அதைக் கேட்க அன்று அருகில் ஒருவரும் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே உங்களை அழைக்கிறேன்.

வாக்கைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்களுடையது எட்டுப் பேர் உட்காரும் வெள்ளை டீசல் வண்டி. அப்பா அதை வாங்கியபோது நான் பள்ளியின் கடைசி வகுப்பில் இருந்தேன். சோமனூரில் எங்கள் வீடும் சித்தப்பா வீடும் ஒரே காம்பவுண்டுக்குள் எதிரெதிராக இருக்கின்றன. இரண்டுக்கும் பின்னால் தறிக்குடோன். நாங்கள் நால்வர், அவர்கள் மூவர். ஏழு பேருக்கும் வண்டிக்குள் இடம் நிலையாக இருந்தது. அப்பா ஓட்டுவார். அவருக்கு இடப்பக்கம் சித்தப்பா. நடுவரிசையில் அம்மா, அக்கா, சித்தப்பாவின் மகளான என் தங்கச்சி. தங்கச்சிக்குப் பயணம் ஒத்துக்கொள்ளாது என்பதால் ஜன்னலோரம் அவளுடையது. முன்சீட்டின் பின்பக்கப் பையில் அவளுக்காக ஓர் எலுமிச்சம்பழம் எப்போதும் இருக்கும். பின்வரிசையில் சித்தியும் நானும். மிஞ்சிய எட்டாவது இடம் தண்ணீர்க் கேனுக்கும் முறுக்கு டப்பாவுக்கும்.

சித்தப்பாவுக்கு வண்டிக்குள் ஒரே ஒரு வேலை. வேகத்தடை வந்தால் அறிவிப்பார். "மேடுங்ணா" என்பார். பல்லடம் சாலையின் ஒவ்வொரு வேகத்தடையும் அப்பாவுக்கு மனப்பாடம். ஆனாலும் சித்தப்பா சொன்ன பிறகுதான் அவர் கால் பிரேக்குக்குப் போகும்.

"உங்க அண்ணனுக்குக் கண்ணு இல்லீங்களா? நீங்க எதுக்கு ஒவ்வொரு மேட்டுக்கும் கூவறீங்க?" என்று சித்தி பின்னாலிருந்து கேட்பார்.

"எனக்குத் தூக்கம் வராம இருக்கோணுமல்லோ, அதுக்குத்தான்" என்பார் சித்தப்பா.

அப்பா இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இறந்துபோனார். தறிகளைச் சித்தப்பா பார்த்துக்கொண்டார். வண்டி என்னிடம் வந்தது. நான் அப்போது கோவையில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்திருந்தேன். அன்றாடம் பேருந்தில் போய் வருவேன். ஞாயிற்றுக்கிழமைகளிலும் கோயில் நோம்பி, திருவிழா நாட்களிலும் பட்டிமன்றங்களுக்கு அழைப்பு வரும். தொலைவான ஊர் என்றால் மட்டும் வண்டியை எடுப்பேன்.

எடுப்பது குறைவு என்றாலும் பேணுவதில் நான் குறை வைத்ததில்லை. ஞாயிறு காலையில் கழுவுவேன். தறியில் கழித்துப்போட்ட துணியால் கண்ணாடிகளைத் துடைப்பேன். ஆயில் மாற்றிய நாள், டயர்களை முன்பின்னாக மாற்றிய நாள், காப்பீடு முடியும் நாள் எல்லாம் என் விரல்நுனியில் இருந்தன. நடுவரிசை இருக்கைகளுக்கு நானே உறை தைக்கக் கொடுத்தேன். அந்தப் பெருமை இன்றும் என்னிடம் இருக்கிறது, மறைத்துப் பயனில்லை.

வெள்ளிக்கிழமைகளில் நான் கல்லூரியில் இருக்கும்போது சித்தப்பா வண்டியை எடுப்பார். அவரிடம் மாற்றுச்சாவி ஒன்று இருந்தது. பின்வரிசையை மடித்து, நெய்த துணியை ஏற்றி, பல்லடத்தில் கொடுத்துவிட்டு மதியத்துக்குள் திரும்பிவிடுவார். ஒரு வெள்ளிக்கிழமை மாலை வந்து பார்த்தேன். புது உறையில் உள்ளங்கை அகலத்துக்குத் தறிக் கிரீஸ் அப்பியிருந்தது. சோப்பு போட்டேன், மண்ணெண்ணெய் போட்டேன். கறை மங்கியதே தவிரப் போகவில்லை.

அன்றே அவரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். "சித்தப்பா, சீட்டுல கிரீஸ் ஆயிருச்சுங்க" என்ற ஒரு வரி போதும். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பார். அடுத்த முறை ஒரு சாக்கை விரித்திருப்பார். நான் சொல்லவில்லை. மேடையில் பழகியவனுக்கு ஒரு நோய் உண்டு: கூட்டம் சேரும்வரை கோபத்தைச் சேமித்து வைப்பான்.

கூட்டம் அப்பாவின் முதலாண்டுத் தெவசத்தன்று சேர்ந்தது. எங்கள் வீட்டில் அந்த நாளுக்கு ஒரு முறை உண்டு. படையல் போட்டு, காக்கைக்குச் சோறு வைத்து, காக்கை வந்து எடுக்கும்வரை யாரும் குரலை உயர்த்த மாட்டார்கள். ஒருவர் பேச்சுக்கு மற்றவர் மறுபேச்சும் பேச மாட்டார்கள். போனவர் காதில் சண்டை விழக்கூடாது என்பார் அம்மா. சோற்றை மதில்மேல் வைத்துவிட்டு எல்லோரும் வாசலில், அப்பா படத்தின் அருகே, காக்கைக்காகக் காத்திருந்தோம். சித்தப்பா சாதாரணமாகக் கேட்டார்.

"ஏங்கண்ணு, நாளைக்கி வண்டிய எடுத்துக்கட்டுமா? இந்த வெள்ளிக்கெழம போக முடியல."

நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்து பேசும் பேச்சை எழுந்து நின்று பேசினேன் என்பதே என் முதல் குற்றம். ஒரு பொருள் அதைப் பயன்படுத்துபவருக்கு உரியதா, அதைப் பேணுபவருக்கு உரியதா என்று கேள்வியை வைத்தேன். மூன்று கருத்துகள் சொன்னேன். கழுவுகிறவன் நான், கணக்காக ஆயில் மாற்றுகிறவன் நான், கறையைத் துடைக்கிறவனும் நான் என்று அடுக்கினேன். "பயன்படுத்தும் கைகள் பல, பேணும் கை ஒன்றே" என்று முடித்தேன். அந்த வாக்கியத்தை இரண்டு நாட்களுக்கு முன்பே செய்து வைத்திருந்தேன்.

யாரும் பேசவில்லை. அந்த அமைதியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதைச் சொல்ல நாணுகிறேன். மேடையில் நல்ல முடிவுரைக்குப் பிறகு, கைதட்டலுக்கு முன்னால், ஒரு கணம் அரங்கு மூச்சை அடக்கும். அதுதான் இது என்று நினைத்தேன்.

அம்மா மட்டும், "முடிச்சுட்டியா கண்ணு? எலைல சோறு ஆறுது" என்றார்.

காக்கை வந்து சோற்றை எடுத்துக்கொண்டு போன பிறகும் சித்தப்பா பதில் பேசவில்லை. சாப்பிட்டார். கை கழுவினார். இடுப்புச் சாவிக்கொத்திலிருந்து மாற்றுச்சாவியைக் கழற்றி, அப்பா படத்துக்குக் கீழே வைத்தார்.

"நீங்க சொல்றது நாயந்தானுங்க தம்பி" என்றார்.

அதுவரை நான் அவருக்குக் கண்ணு. கோபம் வந்தால் 'ஏண்டா'. அந்த மதியத்திலிருந்து தம்பி ஆனேன்.

அதே மாதம் பெங்களூரில் இருக்கும் அக்காவுக்குக் குழந்தை பிறந்தது. அம்மா பார்த்துக்கொள்ளப் போனார். இன்னும் அங்கேதான் இருக்கிறார். அறைகள் நிறைய உள்ள வீட்டில் நான் ஒருவன், வாசலில் எட்டு இருக்கைகள் உள்ள வண்டி ஒன்று. எதிர்வீட்டிலிருந்து யாரும் சண்டைக்கு வரவில்லை. சித்தி குழம்பு கொடுத்தனுப்பினார். தங்கச்சி பார்த்தால் சிரித்தாள். ஆனால் என்னிடம் எதையும் கேட்பதை மட்டும் அவர்கள் நிறுத்திவிட்டார்கள். சித்தி கண் பரிசோதனைக்கு அவிநாசிக்குப் பேருந்தில் போய் வந்தார். "வண்டி இருக்குதுங்களே சித்தி" என்றேன். "பஸ்ஸு வாசல்லயே நிக்குதுங்க தம்பி, உங்களுக்கு எதுக்குச் செரமம்?" என்றார். எங்கள் ஊரில் பகை இப்படித்தான் இருக்கும். குரல் தணியும், மரியாதை கூடும்.

வெளியூர் மேடைகளுக்குத் தனியாக ஓட்டிப் போனேன். பெருந்துறைக்கு அருகில் ஒரு கோயில் விழாவில் நான் இருந்த அணி வென்றது. பொன்னாடையை நடுவரிசையில் வைத்துக்கொண்டு திரும்பினேன். வழியில் வேகத்தடையைக் கவனிக்காமல் ஏறி இறங்கியதில், முன்னாலும் பின்னாலும் ஆளில்லாத இருக்கைகள் ஏழும் ஒரே நேரத்தில் கடகடவென்று ஆடி ஓய்ந்தன. எதிர்வாதம் செய்ய ஆளில்லாத வண்டி அது. நான் கேட்டிருந்ததும் அதைத்தான்.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு காலையில் வண்டி கிளம்பவில்லை. சாவியைத் திருகினால் விளக்குகள் மின்னி அணைந்தன. பல்லடம் சாலையில் இருக்கும் எங்கள் மெக்கானிக் வந்தார். அப்பா காலத்திலிருந்து எங்கள் வண்டியைப் பார்ப்பவர். முன்மூடியைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, ஒயர்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"எலிங்க. ஒயரப் பூராவும் தின்னுபோட்டுதுங்க. பேட்டரியும் போச்சு."

"வாரம் தவறாமக் கழுவறேனுங்களே" என்றேன்.

"கழுவுனா எலிக்குத் தெரியுமுங்களா?" என்று சிரித்தார். "இது ஓடிக் கெடலீங்க தம்பி. நின்னு கெட்டிருக்குது. முன்னெல்லாம் வெள்ளிக்கெழமை ஆனா உங்க சித்தப்பா ஒரு நடை எடுப்பாருங்களே. இப்ப ஏன் எடுக்கறதில்ல?"

"துணி கொண்டுபோகத்தான எடுத்தாரு" என்றேன். என் குரலில் பழைய மூன்றாவது கருத்தின் சூடு இருந்தது.

மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார். "துணிக்கு டெம்போ வருதுங்களே. வாரத்துக்கு ரெண்டு நடை உங்க குடோனுக்குத்தான் வருது. வண்டி நின்னா கெட்டுப்போயிரும், அண்ணன் வண்டிங்க, அப்படீம்பாரு. வெறும் வண்டியாப் போறதுக்கு நாலு பீஸு எடுத்துட்டுப் போறேன்னு இங்க வந்து நிப்பாரு. ஆயில் பாப்பாரு, காத்துப் பாப்பாரு, போவாரு."

பிறகு எஞ்சினுக்கும் பின்தகட்டுக்கும் நடுவே கையை விட்டு எதையோ பறித்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். வெளுக்காத கோராத் துணியில் சுற்றிய சிறு பொட்டலம். பிரித்தேன். காய்ந்து மணம் போன புகையிலைத் தூள்.

"எலி வராம இருக்க அவரு கட்டுனது. மாசம் ஒருக்கா மாத்துவாரு. இது ரொம்ப நாளுப் பழசாட்ட இருக்குது."

இன்னும் மூன்று இடங்களில் அதே போன்ற பொட்டலங்கள் இருந்தன. எல்லாம் தறியின் பாவு நூலால் கட்டப்பட்டிருந்தன. தறியில் அறுந்த இழையைச் சேர்க்கப் போடுவார்களே, அந்தச் சிறு முடிச்சு. அதைச் சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு போடுவார். ஞாயிறுதோறும் அந்த வண்டியைக் கழுவியவன் நான். முன்மூடிக்குள் இருந்த நான்கு முடிச்சுகளை ஒருநாளும் பார்த்ததில்லை. பேணும் கை ஒன்றே என்று நான் சொன்னபோது, மறுக்கும் சான்று பத்தடி தூரத்தில் வண்டிக்குள்ளேயே இருந்திருக்கிறது. எதிரணிக்காரர் வாய் திறக்க முடியாத நாளில், அவர் அண்ணனின் படத்துக்கு முன்னால் அவரைத் தோற்கடித்திருக்கிறேன்.

வண்டியைச் சரிசெய்த பிறகு மன்னிப்புக் கேட்கப் புறப்பட்டேன். அதற்கும் ஓர் உரை தயாரித்துக்கொண்டேன் என்பதை நீங்கள் இந்நேரம் ஊகித்திருப்பீர்கள். மூன்று முறை தறிக்குடோன் வாசல்வரை போனேன். உள்ளே தறிகள் ஓடும்போது மனிதக் குரல் எடுபடாது. அங்கே எல்லோரும் கையசைத்தே பேசிக்கொள்வார்கள். சித்தப்பா என்னைப் பார்த்து 'என்ன' என்று புருவத்தை உயர்த்துவார். நான் 'ஒன்றுமில்லை' என்று கையை ஆட்டிவிட்டுத் திரும்புவேன்.

இதற்கிடையில் தங்கச்சிக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஒரு மாலை சித்தப்பாவும் சித்தியும் வாசலைக் கடந்து என் வீட்டுக்கு வந்தார்கள். சொல்லிவைத்தாற்போல் இருவரும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்கள்.

"வர்ற வெள்ளிக்கெழம மொதல் பத்திரிகைய நம்ம கோயில்ல வெச்சுப்போட்டு வரலாம்னு இருக்கறோமுங்க" என்றார் சித்தப்பா. "லீவு கெடச்சா நீங்களும் வாங்க தம்பி."

காங்கேயத்துக்கு அப்பால் இருக்கிறது எங்கள் குலதெய்வக் கோயில். அந்த வண்டி முதன்முதலாகப் போன இடமும் அதுதான். நல்ல காரியம் எதுவானாலும் அங்கே நாங்கள் அந்த வண்டியில்தான் போயிருக்கிறோம்.

"நம்ம வண்டிலயே போயிரலாமுங்க சித்தப்பா."

"பல்லடத்துல வண்டி சொல்லியாச்சுங்க. உங்களுக்கு எதுக்குச் செரமம்?"

அவர்கள் போன பிறகு எனக்குள் ஓர் ஆசை மட்டும் மிஞ்சியது. அந்த ஒருநாள் அவர்கள் மூவரும் என் வண்டியில், அவரவர் இடத்தில், உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்துவிட்டால் போதும், பேச்சே வேண்டாம் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையிலேயே வண்டியைக் கழுவி வாசலில் நிறுத்தினேன். தங்கச்சியின் இடத்துக்கு முன்னால் இருந்த பையில் புது எலுமிச்சம்பழம் வைத்தேன். தண்ணீர்க் கேனை எட்டாவது இடத்தில் ஏற்றினேன். ஆறரைக்கு வாடகை வண்டி வந்து எனக்குப் பின்னால் நின்றது. சித்தப்பா இரண்டு வண்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"டிரைவர் வந்துட்டாருங்க தம்பி. வந்தவரத் திருப்பி அனுப்புனா நல்லாவா இருக்கும்? நீங்க முன்னால போங்க."

"இல்லீங்க, நீங்க போங்க. பின்னால வாரேன்."

எட்டுப் பேர் வண்டியில் ஒருவனாக, மூன்று பேர் போகும் வாடகை வண்டியைப் பின்தொடர்ந்தேன். காரணம்பேட்டையில் ஒருவர் டீக்கடையிலிருந்து என் வண்டியை மறித்து, "பல்லடம் போகுதுங்களா? எடம் இருக்குதுங்களா?" என்று கேட்டார். இடம் இருக்கிறது என்று சொல்லி ஏற்றிக்கொண்டேன். அவர் பல்லடத்தில் இறங்கும்போது உள்ளே ஒருமுறை பார்த்துவிட்டு, "ஆளுக எல்லாம் எங்கீங்க?" என்றார். முன்னால் போகும் வண்டியைக் காட்டினேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

பொங்கலூர் தாண்டியதும் முன்னால் போன வண்டி ஓரங்கட்டியது. தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டு இறங்கினாள். நானும் நிறுத்திவிட்டுத் தண்ணீர்க் கேனோடு ஓடினேன். முகம் கழுவியவள், கேட்காமலேயே என் வண்டியின் நடுக்கதவைத் திறந்து, தன் ஜன்னலோர இடத்தில் உட்கார்ந்தாள். கை தானாக முன்பைக்குள் போய் எலுமிச்சம்பழத்தை எடுத்தது. முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"புதுசா இருக்குது?"

"ஆமா."

"ஏனுங்ணா, இன்னைக்கு என்ன தலைப்பு?"

"தலைப்பு ஒண்ணுமில்ல."

"அதிசயந்தான். ஒடம்பு கிடம்பு செரியில்லையா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பல மாதங்களாக அந்த வண்டிக்குள் கேட்காத சத்தம் அது. அவள் இனி இறங்க மாட்டாள் என்று நினைத்தேன். அவள் இங்கே வந்தால் சித்தியும் வருவார், சித்தி வந்தால் சித்தப்பாவும் வருவார் என்று மனம் வேகமாகக் கூட்டிக்கொண்டே போனது. சித்தப்பா அங்கிருந்தே, "அம்மணி, டிரைவர் காத்துட்டு இருக்காருல்ல" என்றார். அவள் ஒரு கணம் தயங்கினாள். எலுமிச்சம்பழத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

கோயிலில் பத்திரிகையை அம்மன் காலடியில் வைத்து எடுத்தார்கள். தேங்காய் நல்லபடி உடைந்தது. வெளியே வந்து வேப்பமரத்தடியில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த சித்தப்பாவிடம் போனேன். தயாரித்திருந்த உரையில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை.

"சித்தப்பா, அன்னைக்கு நான் பேசுனது தப்புங்க. பொகையிலக் கட்டெல்லாம் பாத்தேன்."

அவர் செருப்பின் வாரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க தம்பி" என்றார்.

"திரும்பிப் போறப்பவாச்சும் நம்ம வண்டில வாங்க."

"பாக்கலாமுங்க."

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியும். இல்லை என்பதை முகத்துக்கு நேராகச் சொல்லக் கூசுகிறவர்கள் அதைச் சொல்வார்கள். அவர்கள் வாடகை வண்டியிலேயே ஏறினார்கள். ஆனால் ஏறுவதற்கு முன் சித்தப்பா என் வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்தார். பின்பக்க இடது டயரைக் காலால் இரண்டு தரம் தட்டிப் பார்த்தார். அப்பா இருந்தபோதும் அப்படித்தான் தட்டுவார்.

"இதுல காத்துக் கம்மியா இருக்குதுங்க. போற வழியில புடிச்சுக்கங்க" என்றார்.

காங்கேயத்தில் காற்றுப் பிடிக்க நின்றேன். அதற்குள் அவர்கள் வண்டி கண்ணுக்கெட்டாத தூரம் போய்விட்டது. காற்றுப் பிடித்தவர் சொன்னார், மற்ற மூன்றும் சரியாக இருக்கின்றன, அந்த ஒன்றில் மட்டும்தான் குறைவு என்று. வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்தினேன். கண்ணாடியில் காலியான நடுவரிசை தெரிந்தது, அதற்குப் பின்னால் அரைக் கேன் தண்ணீர், உறையில் மங்கிப்போன கறை. இடப்பக்க இருக்கையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தேன். எத்தனையோ அரங்குகளில் ஒலிபெருக்கி இல்லாமல் கடைசி வரிசைவரை எட்டிய குரல் எனக்கு உண்டு. அன்று அது அந்த இருக்கைவரை போவதற்கே சிரமப்பட்டது. ஆனாலும் வாய்விட்டுத்தான் சொன்னேன்:

"சித்தப்பா, இனி வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை காலைல ஏழு மணிக்கு வண்டி குடோன் வாசல்ல நிக்குமுங்க. பின்சீட்ட மடிச்சு வெச்சிருப்பேன், சாவி வண்டிலயே இருக்கும். நான் எடதுபக்கம் உக்காந்திருப்பேன், காலேஜுல காலை வகுப்ப மதியத்துக்கு மாத்திக்கறேன். நீங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி, எட்டு மணி வரைக்கும் நிக்குமுங்க. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். மேடு வந்தா மட்டும் சொல்லுவேன்."